மருந்துப் பந்தி

சுற்றி வளைக்க வேண்டாம். கருநெல்லிக்கோட்டை ராஜா நல்லவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் காளத்தியிடம் கேட்டது நடக்கிற காரியமே இல்லை.

விஷயம் இதுதான். அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் வருஷா வருஷம் பிணிக் களஞ்சியத்துக்குப் போகும். யாருக்குப் பெரிய நோய் வந்தாலும் அந்த நெல்லைக் கொடுத்து அரண்மனையே மருந்து வாங்கித் தரும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. புற்றுநோய்க்கு ஒரு கஷாயம் வந்ததும் வந்தது, களஞ்சியத்தில் தரை தெரிய ஆரம்பித்துவிட்டது. கஷாயத்துக்கு நோய் கேட்கும், அதில் சந்தேகமில்லை. அதை விற்கிற பத்மநாபன் வருஷம் தவறாமல் விலையை ஏற்றுவான், அதிலும் சந்தேகமில்லை.

"ஐம்பது வயசைத் தாண்டினவங்களுக்கு மருந்தை நிறுத்திடலாம்," என்றார் பிரதானி வன்மீகநாதர்.

"உங்களுக்கு அறுபது ஆச்சே சாமி?" என்றான் காளத்தி. அவன்தான் சபையின் விகடக்காரன்.

"எனக்கெல்லாம் வராது."

"நோய்கிட்ட எழுதி வாங்கியிருக்கீங்களா?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"வாய் போதும் காளத்தி. வழி சொல்லு. குடிகள்கிட்ட ஒரு படி நெல் கூடுதலாக் கேட்கக் கூடாது. பன்னிரண்டு நோயாளியில ஒருத்தரையும் கைவிடக் கூடாது. வியாபாரியை அதட்டவும் கூடாது, அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா மருந்தே கிடையாது. எட்டு நாள் தர்றேன். முடியலைன்னா பிரதானி சொன்னதுதான்."

காளத்திக்குச் சிரிப்பு போய்விட்டது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி அரண்மனைச் சமையற்காரி செங்கமலம். வயசு ஐம்பத்திரண்டு. அவனைத் திட்டிக்கொண்டே சோறு போடுகிறவள். இன்னும் மூன்று தடவை கஷாயம் குடித்தால் கட்டி கரைந்துவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

நேரே வைத்தியசாலைக்குப் போனான். அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. வைத்தியர் செங்கமலத்தைத் தராசில் உட்காரவைத்து எடை பார்த்து, குடத்திலிருந்து அதற்குத் தக்கபடி ஒரு கிண்ணம் ஊற்றினார். குடத்தில் பாதிக்கு மேல் மிச்சம். அதை அப்படியே சாக்கடையில் கொட்டினார்.

"பாத்தியா தம்பி, பாத்தியா!" என்று கத்தினாள் செங்கமலம். "குடம் மல்யுத்தக்காரனுக்கு அளந்தது. நானோ வத்தல். மாசாமாசம் இந்தக் கொடுமைதான்!"

"ஏன் வைத்தியரே, மிச்சத்தை நாளைக்கு வச்சுக்கக் கூடாதா?"

"முத்திரையை உடைச்சா பொழுது சாயறவரைக்கும்தான் தாங்கும். அப்புறம் விஷம்."

"அப்போ இன்னைக்கே வேற ஆளுக்குக் கொடுங்க."

"இன்னைக்கு அந்தம்மா நட்சத்திரம். மருந்தை அவங்கவங்க ஜென்ம நட்சத்திரத்தன்னைக்குத்தான் குடிக்கணும். வழக்கம்."

"வழக்கமாம் வழக்கம்!" என்றாள் செங்கமலம். "ஒருத்தன் சாப்பிட வந்தான்னு நான் ஒரு அண்டா சோறு வடிச்சு, மிச்சத்தைச் சாக்கடையில கொட்டினா என்னைச் சும்மா விடுவீங்களா? பந்தி போட்டுப் பரிமாறத் தெரியாத ஊரா இது?"

அவள் பேசி முடிப்பதற்குள் காளத்தி வாசலைத் தாண்டிவிட்டான்.

"எல்லாருக்கும் ஒரே நாள்ல மருந்தா?" சபையில் காளத்தி யோசனையைச் சொன்னதும் பிரதானி துள்ளிக் குதித்தார். "நட்சத்திரம் மாறினா மருந்து வேலை செய்யாது!"

"மகாராஜா, உங்க நட்சத்திரம்?"

"அனுஷம்."

"அப்போ அனுஷத்தன்னைக்குப் பந்தி வைக்கலாம்னு நினைச்சேன். அந்த நட்சத்திரத்துல ஏதோ கோளாறுன்னு பிரதானி சொல்றாரே, என்ன கோளாறுன்னு கேட்டுச் சொல்லுங்க."

"ஐயையோ, நான் எப்போ சொன்னேன்? அனுஷம் மாதிரி உண்டா!" என்றார் பிரதானி. வேர்த்துவிட்டது அவருக்கு.

மறு மாசத்து அனுஷமும் வந்தது. பன்னிரண்டு பேர் சபையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வைத்தியர் ஒரு குடத்தை உடைத்தார், எடைபார்த்து ஊற்றினார், அது தீர்ந்த பிறகுதான் அடுத்ததை உடைத்தார். பன்னிரண்டு குடம் கொண்டுவந்திருந்த பத்மநாபன் பார்த்துக்கொண்டே நின்றான். ஐந்தாவது குடத்தோடு பந்தி முடிந்தது.

"மீதி ஏழு?" என்றான்.

"பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போங்க," என்றான் காளத்தி.

"இது அநியாயம்! ஆளுக்கு ஒரு குடம்னுதான் கணக்கு!"

"அது உங்க கணக்கு. எங்களுக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம்தான்."

பத்மநாபனுக்கு முகம் சிவந்தது. "அப்படியா? அடுத்த மாசத்துலேருந்து குடம் மூணு மடங்கு விலை. என்ன செய்வீங்க?"

செங்கமலம் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். காளத்தி மட்டும் நிதானமாக இடுப்பிலிருந்து ஒரு ஓலைச்சுருளை எடுத்தான்.

"அதட்டலை ஐயா, யோசனைதான் கேட்கறேன். பக்கத்துப் பாளையங்கள்லயும் நோயாளிங்க இருப்பாங்களே? எல்லா ராஜாவும் ஒண்ணு சேர்ந்து ஒரே இடத்துல மருந்து வாங்கலாம்னு ஓலை அனுப்பலாமான்னு பார்க்கறேன். நாலு பாளையத்துக்கும் சேர்த்துன்னா, எங்க ஒரு ஊருக்காக இத்தனை தூரம் வராத மேற்குக்கரை கஷாயக்காரங்ககூட ஓடிவருவாங்க. என்ன சொல்றீங்க?"

பத்மநாபன் ஓலையைப் பார்த்தான். ஏழு குடத்தைப் பார்த்தான்.

"மூணு வருஷத்துக்கு முந்தின விலைக்கே தர்றேன். சபையில வச்சு வாக்குத் தர்றேன். நீங்களும் வாக்குக் கொடுங்க. அந்த ஓலையை அனுப்பக் கூடாது."

"சத்தியமா இந்த ஓலையை அனுப்ப மாட்டேன்," என்றான் காளத்தி.

வியாபாரி வண்டியேறிப் போன பிறகு ராஜா கையை நீட்டினார். "அதைக் கொடு."

விரித்துப் படித்தார். 'மிளகு இரண்டு படி. சீரகம் ஒரு படி. வெந்தயம், புழு இல்லாதது.'

"அட, என் மளிகைச் சீட்டு!" என்றாள் செங்கமலம். "நாலு நாளா இதைத்தான்டா தேடறேன்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரதானிகூடச் சிரித்தார், வேறு வழியில்லை. "கேள் காளத்தி. என்ன பரிசு வேணும்?"

"ஒரு குதிரை கொடுங்க மகாராஜா."

"எதுக்கு?"

"ஓலையை அனுப்ப மாட்டேன்னுதானே சொன்னேன்? நாலு பாளையத்துக்கும் நேர்லயே போயிட்டு வந்துடறேன்."