மார்கழியில் மூழ்காத வட்டில்

உமையாள் அம்மையின் மடத்தில் பொழுதைச் சொல்வது நாழிகை வட்டில். அடியில் ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணம் அது. தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிறைந்து, சரியாக ஒரு நாழிகையில் மூழ்கும்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடை தப்பினால், எழுதின ஓலையை எழுதினவரே எல்லார் முன்னிலையிலும் கிழிக்க வேண்டும்.

நாச்சிக்குப் பதினான்கு வயது. கற்பூர புத்தி. கேட்டவுடன் விடை தோன்றினால் எழுதுவாள். தோன்றாவிட்டால் வெற்று ஓலையை நீட்டிவிட்டுச் சிவனே என்று உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குக் கணக்குச் சொல்லித்தந்தவர் அம்மையின் மூத்த சீடர் சாத்தப்பன். ஒரு வருஷம் மன்றாடிப் பார்த்தார். கடைசியில், அவளை ஊருக்கு அனுப்ப வண்டி பூட்டச் சொல்லிவிட்டு அம்மையிடம் போனார்.

"மூளை இருக்கும்மா, முயற்சி இல்லை. இந்தப் பிள்ளைக்கு எப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது?"

"வண்டி நிக்கட்டும். அவளைக் கூப்பிடு."

நாச்சி மூட்டையோடு வந்தாள்.

"பங்குனியில ஒரு நாளைக்கு அறுபது தடவை மூழ்குற வட்டில், இந்த மார்கழியில ஐம்பத்தெட்டு தடவைதான் மூழ்குது. ஏன்?" என்று கேட்டார் அம்மை.

நாச்சி பழக்கப்படி வெற்று ஓலையை நீட்டினாள்.

அம்மை அதை வாங்கித் தானே எழுதினார்: 'துளையில் அழுக்கு.' ஒரே அளவில் இரண்டு வட்டில் எடுத்து, ஒன்றின் துளையை மட்டும் சுத்தம் செய்து, இரண்டையும் தொட்டியில் விட்டார். இரண்டும் ஒன்றாகவே மூழ்கின.

அம்மை ஓலையைக் கிழித்தார்.

இருபது வருஷத்தில் அம்மை ஓலை கிழித்துச் சாத்தப்பன் பார்த்ததே இல்லை. அம்மையோ ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த ஓலையை எடுத்து வேறொரு காரணம் எழுதிச் சோதித்தார். அதுவும் கிழிந்தது. மூன்றாவதும்.

நாச்சி மூட்டையை இறக்கி வைத்தாள்.

"குளிர்ல செம்பு சுருங்கி, துளை சின்னதாகுதோ?"

"எழுது."

எழுதினாள். ஒரு வட்டிலை மட்டும் அடுப்பில் காய்ச்சித் தொட்டியில் விட்டாள். அப்போதும் இரண்டும் ஒன்றாகவே மூழ்கின. எல்லார் கண்ணும் அவள்மேல். ஓலையைக் கிழித்தாள். காய்ச்சின வட்டிலை வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்தாள்.

"வட்டிலைச் சூடாக்கிப் பிரயோஜனமில்லை. தண்ணியில விட்டதும் ஆறிடுது. தண்ணியைத்தான் சூடாக்கணும். இன்னொரு ஓலை குடுங்கம்மா."

சாத்தப்பன் வண்டியைத் திருப்பி அனுப்பினார். அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அவரே அடுப்பு மூட்டினார். பிறகு அம்மையிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அவளுக்காகத்தானே தெரியாத மாதிரி இருந்தீங்க?"

"எனக்குத் தெரியாது, சாத்தப்பா. போன மார்கழியிலேர்ந்து மண்டையைக் குடையுது."

சாத்தப்பன் திரும்பி நாச்சியைப் பார்த்தார்.

"இந்த ஒரு வருஷத்துல அவளுக்கு எத்தனை கணக்குக் குடுத்திருப்பே?" என்றார் அம்மை.

"முந்நூறு இருக்கும்மா."

"அதுல உனக்கு விடை தெரியாதது எத்தனை?"