காலியாக விட்ட இடம்

"அந்தப் பெட்டிக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா, மேடம்?"

ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் சிலுவைமுத்து. வயது நாற்பத்தேழு. ஈசிஜி எடுக்க ஒட்டிய வில்லை ஒன்று இன்னும் கழுத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது.

கேட்கப்பட்டவர் அவருடைய ஆசிரியை மெஹருன்னிசா. மாணவரைவிட ஒன்பது வயது இளையவர். அதனால் மாணவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். ஏற்காட்டு மலைமேல் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், யார் யாரிடம் படிக்கிறார் என்று தெரியாமல் இருவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள்.

"உட்காருங்க சார். எந்தப் பெட்டி?"

"ஆஸ்பத்திரி நெட்வொர்க்குக்குக் காவலா வச்சிருக்காங்களே, ஃபயர்வால். நான் அனுப்புற தகவல் பாக்கெட் ஒன்னைக்கூட உள்ள விடல."

சிலுவைமுத்து முன்பு சேலத்தில் ஒரு மருத்துவமனையில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தவர். மலையிலிருந்து ஆம்புலன்ஸ் இறங்கும்போது, நோயாளியின் இதயத் துடிப்பு கீழே டாக்டரின் திரையில் ஓடும். வளைவுக்கு வளைவு செல்போன் கோபுரம் மாறும். கோபுரம் மாறினால் இணைய முகவரி மாறும். முகவரி மாறினால் தொடர்பு அறுந்து, எல்லாம் முதலிலிருந்து.

ஒரு மழை நாளில் காப்பித் தோட்டத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டாவது வளைவில் திரை உறைந்தது. டாக்டர் திரையைப் பார்த்து "ஹலோ, ஹலோ" என்று கத்தினார். தொடர்பு திரும்பியபோது திரையில் வெறும் கோடுதான் வந்தது.

அந்தக் கோடு சிலுவைமுத்துவை விடவில்லை. வேலையை விட்டார். மலையேறி வந்து மாணவராகச் சேர்ந்தார். நான்கு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு புதிய நெறிமுறை எழுதினார். அதில் முகவரி முக்கியமில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அடையாளச் சீட்டு. கோபுரம் எத்தனை மாறினாலும் சீட்டு மாறாது, துடிப்பும் நிற்காது.

ஆய்வுக்கூடத்தில் அது வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது.

அன்று காலை மலைப்பாதையில் முதல் சோதனை. இரவல் கொடுக்க வேறு யாரிடமும் இதயம் இல்லாததால், அவரே வயர்களை ஒட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் படுத்தார். ஆம்புலன்ஸ் எல்லா வளைவும் இறங்கிச் சேலத்துக்கே வந்துவிட்டது. அப்போது டாக்டர் போன் செய்தார்.

"சார், எப்ப கிளம்புறீங்க?"

இதைச் சொல்லிவிட்டு சிலுவைமுத்து கழுத்துக்குக் கீழிருந்த வில்லையைப் பிய்த்தெடுத்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவைதான் வண்டி தருவாங்களாம், மேடம். அதுலயும் வரலைன்னா, பழையபடியே ஓட்டிக்குறோம்னுட்டாங்க."

"பெட்டி என்ன சொல்லுச்சு?"

"'அடையாளம் தெரியாதது, தள்ளப்பட்டது'ன்னு சொல்லுச்சு. எவனோ ஒரு முட்டாள் அந்தக் காலத்துல எழுதி வச்சிருக்கான். அவனுக்குத் தெரிஞ்சதுதான் உலகம். ஊரு உலகத்துல இருக்குற இந்த மாதிரிப் பெட்டி எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தணும், மேடம்."

மெஹருன்னிசா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"புதன்கிழமை தோதுப்படுமா?"

சிலுவைமுத்து காலண்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாங்க சார், முதல்ல ஒரு டீ சாப்பிடலாம். பின்கதவு வழியா போவோம்."

டீக்கடை முன்வாசலுக்கு நேர் எதிரில் இருக்கிறது. பின்கதவு வழியாகப் போனால் கட்டடத்தையே சுற்ற வேண்டும். வழியெல்லாம் சேறும் முள்ளும். வாரத்தில் ஒரு நாளாவது அந்த அம்மாளுக்கு இந்தக் கிறுக்குப் பிடிக்கும்.

"முன்னாடி கதவு தொறந்துதான இருக்கு, மேடம்?"

"பின்னாடியும் ஒரு கதவு இருக்கே, சார்."

இது ஒரு பதிலா என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் சேற்றில் இறங்கினார். அந்த மலையில் பனியிலும் மழையிலும் கதவு மரம் ஊதிவிடும். அந்த வளாகத்தில் மற்றக் கட்டடங்களில் யாரும் திறக்காமல் விட்ட பின்கதவுகளெல்லாம் சட்டத்தோடு இறுகி, இப்போது கடப்பாரைக்கும் அசைவதில்லை. ஆனால் செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்க்கிற மனிதர் அதையெல்லாம் எங்கே பார்க்கப்போகிறார்.

டீ குடித்துத் திரும்பியதும் மெஹருன்னிசா கேட்டார்.

"உங்க பெட்டிக்கு நான் ஒரு பாக்கெட் அனுப்பட்டுமா?"

மேசைமேல் சிலுவைமுத்துவின் பெட்டி இருந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான். வரும் துடிப்பை வாங்கி டாக்டரின் திரைக்குக் கொடுப்பது அதன் வேலை. உள்ளே ஓடும் ஒவ்வொரு வரியும் அவர் எழுதியது.

"தாராளமா அனுப்புங்க, மேடம். எடுத்துப் போட்டா பூனைக்குட்டி மாதிரி வாங்கிக்கும்."

மெஹருன்னிசா தட்டினார். காத்திருந்தார்கள். பதில் இல்லை.

"கேபிள் லூசா இருக்கும்," என்றார் சிலுவைமுத்து. பிடுங்கிச் செருகினார்.

இன்னொரு தடவை. பதில் இல்லை.

அணைத்துப் போட்டார். ஊதிக்கூடப் பார்த்தார். மறுபடியும் பதில் இல்லை.

"நீங்க பழைய வகையில அனுப்புறீங்க போல, மேடம்."

"உங்க நெறிமுறைதான், சார். அதைப் பத்தி நீங்க எழுதின கட்டுரையை எதிர்ல வச்சுக்கிட்டுத்தான் அனுப்புறேன்."

அவர் பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

*அடையாளம் தெரியாதது. தள்ளப்பட்டது.*

"என்ன அனுப்புனீங்க, மேடம்?"

"பாக்கெட்டோட தலைப்புல ஒரு இடத்தைக் காலியா விட்டு, 'பிற்காலத் தேவைக்கு'ன்னு எழுதியிருக்கீங்களே? அந்த இடத்துல ஒரு எண்ணைப் போட்டேன்."

"அதுல பூஜ்யம்தான் வரணும்!"

"அப்படின்னு கட்டுரையில இல்லையே."

"இல்லதான். ஆனா இதுவரைக்கும் பூஜ்யத்தைத் தவிர வேற எதுவும் வந்ததில்ல, மேடம். அதான், வேற எது வந்தாலும் தள்ளிடுன்னு ஒரு வரி எழுதிவச்சேன்."

"எதுக்கு?"

"பாதுகாப்புக்குத்தான். தெரியாத எதையோ உள்ள விட்டு, நோயாளிக்கு ஒன்னுகெடக்க ஒன்னு ஆயிட்டா..."

அவர் கண் மறுபடியும் பதிவில் இருந்த அந்த வரிக்குப் போனது.

வெளியே மூடுபனி ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது.

சிலுவைமுத்து மெல்லக் கேட்டார்.

"ஆஸ்பத்திரிப் பெட்டிக்கு எழுதினாரே, அவருக்கு அப்ப என்ன வயசு இருந்திருக்கும், மேடம்?"

"உங்க வயசு இருந்திருக்கலாம், சார்."

மறுநாளிலிருந்து சிலுவைமுத்து யாரையும் திட்டவில்லை. சேலத்துக்குப் போய், அந்தப் பழைய பெட்டி எதையெல்லாம் உள்ளே விடுகிறது என்று பொறுமையாகக் கேட்டு வந்தார். நாலு வருட உழைப்பை, அந்தப் பெட்டி தினமும் பார்த்துப் பழகிய சாதாரண உறைக்குள் மடித்து வைத்தார். மேலே புதிது என்பதற்கு ஓர் அடையாளமும் கிடையாது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். தன் பெட்டியில் அந்த ஒரு வரியை அழித்து, காலி இடத்தில் தெரியாதது இருந்தால் அதை விட்டுவிட்டு மீதியைப் படி என்று மாற்றி எழுதினார். கடைசியாக, மெஹருன்னிசாவிடமும் சொல்லாமல் இன்னொரு காரியம் செய்தார்.

இரண்டாவது சோதனை நாள் வந்தது. மறுபடியும் வயர்களை ஒட்டிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் படுத்தார். நல்ல மழை. வண்டி வளைந்து வளைந்து இறங்கியது. கீழே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பன்னிரண்டாவது வளைவு வரும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாதாவே, மாதாவே என்று உதடு அடித்துக்கொண்டது.

அடிவாரத்தில் போன் வந்தது. அதே டாக்டர்.

"சார், உடம்பு நல்லா இருக்கா?"

"இருக்கு. ஏன் டாக்டர்?"

"பன்னிரண்டாவது வளைவுகிட்ட உங்க இதயம் ஏன் அந்த அடி அடிச்சுது?"

நாற்பத்தேழு வயது மனிதர், மார்பில் வயரோடு, ஆம்புலன்ஸில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார்.

அடுத்த மாதம் எல்லா வண்டிகளிலும் அது ஓடத் தொடங்கியது. ஓட்டுநர்களுக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. இப்பல்லாம் சிக்னல் நல்லா கிடைக்குது என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு மழைச் சாயங்காலம் மெஹருன்னிசா சொன்னார்.

"ஆஸ்பத்திரியிலருந்து ஒரு கோரிக்கை, சார். பாக்கெட்ல காலியா விட்ட இடத்துல அப்பப்ப ஏதோ ஒரு எண் வருதாம். ஒரு தடவை வந்தது மறுதடவை வரலையாம். அதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?"

"இல்ல, மேடம்."

"அப்ப யாரு போடுறது?"

"நான்தான்."

"ஒன்னுக்கும் உதவாததை எதுக்கு அனுப்பணும், எடுத்துட்டா சுத்தமா இருக்கும்ங்கறாங்க. எடுத்துடலாமா?"

சிலுவைமுத்து எழுந்து குடையை எடுத்தார்.

"டீ வாங்கிட்டு வரேன், மேடம்."

முன்கதவு விரியத் திறந்திருந்தது. எதிரே டீக்கடையில் ஆவி பறந்தது.

அவர் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, மழையிலும் இறுகாமல் இருந்த பின்கதவைத் திறந்து சேற்றில் இறங்கினார்.