புள்ளி இல்லாத ஓலை

கோட்டைக்குள் போனபோது கொற்றன் தளபதி. வெளியே வந்தபோது அரசன். நடுவில் நடந்ததைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தலை மிஞ்சாது என்று எல்லோருக்கும் தெரியும்.

நாற்பதாம் நாள் நண்பகலில் அவன் தன் ஆசான் நல்லாண்டாரைத் தேடி வந்தான். காவலர்களைப் பனந்தோப்புக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டான். காவலர்களைக் கண்டாலே இப்போது அவனுக்குப் பயம். நல்ல அரசபோகம்!

ஆசான் தண்ணீர் கொடுத்தார்.

"முதலில் நீங்கள் குடியுங்கள்."

அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் செம்பை நீட்டினார். அப்போதும் அவன் குடிக்கவில்லை.

தோப்பில் ஒரு மட்டை விழுந்தது. கொற்றன் வாளை உருவிவிட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்குப் பட்டப்பகலே போதும்.

"உட்காரப்பா. தூங்கினாயா?"

"எங்கே தூங்குவது? கண்ணை மூடினால் அரசர் வருகிறார். கத்தி இறங்கும்போது விழித்து, 'நீயாப்பா?' என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவர், ஆசானே."

இடுப்பிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நீட்டினான். அதில் இருந்தது இவ்வளவுதான்: கொல கை வரும.

அந்தக் காலத்தில் ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். கொ, கோ இரண்டுக்கும் ஒரே எழுத்து. படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

"இது நான் எழுதியதுதான். எப்படிப் படித்தாய்?"

"கோல் கைவரும். செங்கோல் என் கைக்கு வரும் என்று."

"இதை யாரிடம் சேர்க்கச் சொன்னேன்?"

"அரசரிடம்."

"கோல் அவர் கையில்தானே இருந்தது? இருப்பது எப்படியப்பா வரும்?"

கொற்றன் ஓலையை மறுபடி எட்டிப் பார்த்தான்.

"கொல் கை வரும்," என்றார் ஆசான். "கொல்லும் கை ஒன்று வரும், பார்த்து இருங்கள் என்று அவருக்கு எழுதினேன்."

"ஐயோ! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"தூது போகிறவன் ஓலையைப் பிரிப்பான் என்று நினைக்கவில்லை. பிரித்தாய், சரி. சந்தேகமே வரவில்லையா?"



"வந்தது. ஆற்றங்கரையில் பிரித்தபோதே வந்தது."

"கூப்பிடு தூரம்தானே? திரும்பி வந்து கேட்டிருக்கலாமே."

"கோல் இல்லை என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன்."

ஆசான் ஓலையை அவனிடமே திருப்பி நீட்டினார். அவன் அதை வாங்கப் பயந்து பின்வாங்கினான்.

"இப்போது அரசன் நான். அப்படியானால் இந்த ஓலை எனக்குத்தான். அந்தக் கை என்னைத் தேடித்தான் வருகிறது. சமையற்காரன் என்று நினைத்தேன், கழுவேற்றினேன். பயம் போகவில்லை. என் தம்பி என்று நினைத்தேன். அவன் போன பிறகும் போகவில்லை."

படாரென்று ஆசானின் காலில் விழுந்தான்.

"யாருடைய கை அது? அடையாளம் மட்டும் சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். இன்றைக்கே வெட்டிப் போட்டுவிடுகிறேன்!"

ஆசான் அவனைத் தூக்கி உட்கார வைத்தார்.

"எந்தக் கையால் வெட்டுவாய்?"