ஓடத்தை ஜெயித்த பிரதானி

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரை ராஜ்யம் ஒன்றில், வழக்குக் கேட்டுக் கேட்டு ராஜாவுக்குச் சலித்துப்போயிற்று. "ஓலையில் எழுதியது எழுதியதுதான். காரணம், கண்ணீர் எதுவும் இனி என் காதுக்கு வரக் கூடாது" என்று பறையறைவித்துவிட்டார்.

பிரதானி அனந்தராயருக்கு வாயெல்லாம் பல். துறையில் ஓடம் விடும் மருதனின் புது ஓடத்தின் மேல் அவருக்கு நெடுநாளாகக் கண். இரட்டைக் கூலி என்று ஆசை காட்டி, 'பொழுது சாய்வதற்குள் என்னை அக்கரை சேர்க்காவிட்டால் ஓடமும் அதைச் சேர்ந்த யாவும் எனக்கே' என்று எழுதி, மருதனிடம் ஒப்பம் வாங்கினார். அப்புறம் ஓடத்தில் கால் வைத்தாரா? புங்கமரத்தடியில் வெற்றிலை மென்றபடியே பொழுதைச் சாய்த்துவிட்டார்.

மறுநாள் சபையில் மருதன் விழுந்து கும்பிட்டான். "இவரு ஏறவே இல்லீங்களே மகராசா! ஓடம் போனா என் குடும்பமே போச்சு!"

ராஜா நெளிந்தார். தம் வாய்ச்சொல்லே தம்மைக் கட்டிப்போட்டிருந்தது.

சபை விகடன் உலகப்பன் கடைத்தெருவில் வளர்ந்தவன். சரக்கை வாங்க மறுத்துவிட்டு, சரக்கு வரவில்லை என்று பஞ்சாயத்துக்கு வருகிறவனை அங்கே துரத்தியடிப்பார்கள். இங்கே அந்த நியாயம் ஏறாது, ஓலைதான் ஏறும். எழுந்தான்.

"பிரதானியாரே, 'சேர்ந்த யாவும்' என்றால் ஓடம் விட அரண்மனை கொடுத்த துறைப் பட்டயமும் சேர்த்திதானே?"

"அதிலென்ன சந்தேகம்? விகடனுக்கு வேறு வேலை இல்லையோ?"

உலகப்பன் மருதனிடமிருந்து பட்டயத்தை வாங்கி உரக்கப் படித்தான்: "'யார் அழைத்தாலும் ஓடத்துக்கு உடையவனே துடுப்புப் பிடிக்கக் கடவன். ஆள் வைக்கலாகாது.' மகாராஜா, அக்கரை மாந்தோப்பில் பழம் பழுத்திருக்கிறதாமே?"

ராஜா மீசைக்குள் சிரித்தார். "அழைத்தோம். புறப்படும், பிரதானியாரே!"

ராஜாவையும் உலகப்பனையும் ஏற்றிய ஓடம் நடு ஆற்றில் ஆட்டுக்கல் குழவிபோல் நின்ற இடத்திலேயே சுற்றியது. அனந்தராயரின் பட்டு அங்கவஸ்திரம் ஆற்றோடு போயிற்று. உள்ளங்கை கொப்புளித்தது.

"மருதா! அப்பா! உன் ஓடத்தை நீயே எடுத்துக்கொள்ளடா!"

மருதன் கரையிலிருந்து கத்தினான்: "எழுதிக் குடுங்க சாமி!"

உலகப்பனின் மடியில் ஓலையும் எழுத்தாணியும் தயார். "பேசிய இரட்டைக் கூலியையும் சேர்த்து எழுதுகிறேன். அவன் நாளெல்லாம் காத்திருந்தது உம்மால்தானே?"

"எதை வேண்டுமானாலும் எழுதித் தொலையும்!"

ஒப்பம் விழுந்ததும் மருதன் நீந்தி வந்து துடுப்பை வாங்கினான். நாலு முறை துடுப்பு வலித்ததுமே கரை வந்தது.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தபடி முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். உலகப்பன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கோபிக்கக் கூடாது மகாராஜா. இதைச் சேர்ந்த கடமை ஏதும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்."