தோற்க ஆள் தேடிய கோட்டை

கோணக்கோட்டையை எதிரி வளைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறான். உள்ளே அரிசி பருப்பெல்லாம் தீர்ந்து, ராஜாவே புளியங்கொட்டை வறுத்துத் தின்கிற நிலைமை. அப்போது வெளியிலிருந்து தூதுவன் வந்தான்.

"வருஷத்துக்கு ரெண்டு வண்டி பூசணிக்காய் கொடுத்து, தோத்தோம்னு சொல்லுங்க. போயிடறோம்."

ராஜாவுக்கு மீசை துடித்தது. "கடைசி ஆள் சாகும்வரை சண்டை!" என்று முழங்கிவிட்டு அடுத்த கொட்டையை வாயில் போட்டுக்கொண்டார்.

படை வரிசையின் வாலில், கடைசி ஆளாக நின்றவன் சடையாண்டி. கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை, பாவம்.

படையை நடத்தும் தளவாய் தாடையைத் தடவினார். "கடைசி ஆள் செத்தா சண்டை முடியும். அப்புறம் மத்தவன் எதுக்கு வீணா சாகணும்? கடைசி ஆளை முதல்ல அனுப்புவோம்."

"அடடா, என்ன மூளை!" என்றது படை.

"ஐயா, பூசணிக்காயைக் கொடுத்துத் தொலைச்சா என்னங்க?" என்றான் சடையாண்டி.

"அப்போ சாம்பாருக்கு உங்கப்பனா வருவான்?" என்று சீறினார் தளவாய், பருப்பே இல்லாத கோட்டையில்.

சடையாண்டியை இழுத்து முன்னால் நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் கடைசியில் மாயழகு நிற்கிறான். அவனை முன்னால் நிறுத்தினால் அவனுக்கு முந்தினவன் கடைசி. இப்படியே வரிசை நகர்ந்து நகர்ந்து, கோட்டை வாசலைத் தாண்டி எதிரியின் சமையல் கொட்டகைக்குள்ளேயே போய்விட்டது.

எதிரி ராஜா தலையில் அடித்துக்கொண்டான். "இதுங்களை ஜெயிச்சா, இதுங்களை நான்தானே ஆளணும்? தோத்தது நான்தான், ஆளை விடுங்கப்பா!" மூட்டை முடிச்சோடு ஊர் போய்ச் சேர்ந்தான்.

"ஜெயிச்சாச்சு. ஆனா கடைசி ஆள் இன்னும் சாகலையே, ராஜா உத்தரவு என்னாவறது?" என்று கவலைப்பட்டார் தளவாய். "சண்டைக்கு எதிரி வேணும். டேய் சடையாண்டி, பூசணிக்காய் கொடுக்கச் சொன்னவன் நீதானே? அந்தப் பக்கம் போய் நில்லு."

சடையாண்டிக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் நின்று, "தோத்துட்டேன்! வீட்டுக்குப் போறேன்!" என்று கத்தினான்.

"நீ சொன்னா செல்லாது. அந்தப் பக்கத்து ராஜா சொல்லணும்."

"இங்கே ஏதுங்க ராஜா?"

நியாயம்தான். கூடிப் பேசி, தங்கள் ராஜாவின் கிரீடத்தையே கழற்றி அவன் தலையில் வைத்தார்கள். "இப்போ சொல்லு."

சடையாண்டி நிமிர்ந்தான். மீசை முளைக்காத இடத்தை முறுக்கினான். "தோக்கறதா? நானா? எங்க வம்சத்திலேயே கிடையாது! படையே, புறப்படு!"

பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. வந்ததே கோபம்! விடுவிடுவென்று பின்னால் போய், தானே படையாக விறைப்பாக நின்று, "உத்தரவு மகாராஜா!" என்று தானே குரல் கொடுத்துவிட்டு, எதிரே நின்ற அத்தனை பேர் மேலும் பாய்ந்தான்.