மீட்டும் முன்பே வைத்த பெயர்

நாகர்கோவில் பக்கம் ஓர் ஆலயப் பாடகர் குழுவுக்குச் செல்லையா மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். கிட்டாரில் பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்ட் எதை யார் வாசித்தாலும், கேட்டதுமே பெயர் சொல்லிவிடுவேன் என்று தன் புகழைத் தானே பாடிக்கொள்வார்.

இசைக்கருவிக் கடையில் தந்தி மாற்றும் ஜெருஷா, கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குக் கிட்டார் வாசிக்க இடம் கேட்டு வந்தாள்.

"தந்தி மாட்டுறவ வாசிச்சா விளங்கிரும்! நான் இஷ்டத்துக்குச் சுருதி மாத்திப் பத்து கார்ட் வாசிப்பேன். ஒண்ணுக்குப் பேர் தப்பினாலும் வீட்டுக்குப் போயிரணும்."

"சரி சார். முதல்ல நான் வாசிக்கிற ஒண்ணுக்கு நீங்க பேர் சொல்லிக் காட்டுங்க."

எல்லார் முன்னும் மெல்லிய தந்திகள் இரண்டைத் தளர்த்திவிட்டு, ஜெருஷா விரல்களை வைத்தாள். மாஸ்டர் அந்த விரல்களை ஒரு பார்வை பார்த்தார்.

"டி மேஜர்! சின்னப் பிள்ளையும் சொல்லும்."

"நான் இன்னும் மீட்டவே இல்லையே, சார்."

"மீட்ட வேற செய்யணுமாக்கும்?"

மீட்டினாள். டி மேஜர் சிரிக்கிற கார்ட். வந்ததோ அழுமூஞ்சிச் சத்தம். ஆர்கன் வாசிக்கும் மேபிள் அக்கா கட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ஏ மைனர், மாஸ்டர். அடிச்சுரமா மட்டும் டி நிக்குது" என்றாள்.

"தந்தி இறங்கியிருக்கு!"

"உங்க கண் முன்னாலதான் இறக்கினேன், சார். நீங்க விரலுக்குப் பேர் வச்சிட்டீங்க. இப்ப உங்க பத்தையும் வாசிங்க, சொல்லுறேன். ஆனா நான் சொல்லுறது சரியான்னு யாரு சொல்லுவா?"

"நான் சொல்லுறேன்!" என்றாள் மேபிள் அக்கா. குழு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு நாலு மணிக்கு ஒத்திகை. பிந்தாம வந்துரு."