மகாராஜா மடித்துச் சாப்பிட்ட அப்பளம்

மங்கலக்கோட்டை ராஜ்யத்தை ஆண்ட வீரமங்கலராயருக்கு யானை, குதிரை, யுத்தம் எதிலும் பெரிதாக ஆசை கிடையாது. ஆசையெல்லாம் விசித்திரமான தகவல்கள் மேல்தான். நண்டுக்குப் பல் வயிற்றுக்குள் இருக்கிறது, வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கிறது, ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. இப்படி எதையாவது தினமும் சபையில் யாராவது சொல்லவேண்டும். சொல்பவர் பாதி வாக்கியம் தாண்டுவதற்குள் ராஜா கையை உயர்த்தி, அது எனக்குத் தெரியும் என்றுவிடுவார். பெரும்பாலும் உண்மையாகவே தெரிந்திருக்கும். மற்ற ராஜாக்களின் ஒற்றர்கள் எதிரிப் படையை வேவு பார்த்தார்கள் என்றால், இவருடைய ஒற்றர்கள் சந்தையில் நின்று ஜனங்கள் பேசும் அதிசயங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்தச் சபையில் உலகப்பன் என்று ஒருவன் இருந்தான். நாக்கில் குறும்பு, மனதில் கள்ளமில்லை. மந்திரி கஸ்தூரியப்பருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. இவர் தொண்டை வறளப் பேசுகிற ராஜ்ய விவகாரத்துக்குக் கொட்டாவி விடும் ராஜா, அவன் வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். யாருக்குத்தான் பொறுக்கும்? ஒருநாள் மந்திரி மெதுவாகக் கொளுத்திப் போட்டார். மகாராஜாவுக்குத் தெரியாதது ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்று உலகப்பன் சொல்லித் திரிகிறானாம். பாவம், அவன் அப்படி ஒரு வார்த்தை பேசியதே இல்லை.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. உலகப்பனைக் கூப்பிட்டார்.

"ஊரில் எல்லாருக்கும் தெரிந்த, எனக்கு மட்டும் தெரியாத ஒரு விஷயத்தை நாளைக்குச் சபையில் நீ சொல்லவேண்டும். முடியாவிட்டால் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பு."

உலகப்பன் வீட்டை நினைத்தான். மனைவிக்கு நிறைமாதம். இந்த நேரத்தில் அவளை அழைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? யாருக்கும் தெரியாததைச் சொல் என்றால் வாய்க்கு வந்ததை அளந்துவிடலாம். எல்லாருக்கும் தெரிந்ததை ஒற்றர்கள் இத்தனை நேரம் விட்டுவைத்திருப்பார்களா? யோசித்து யோசித்துத் தலை சுற்றியது. பசியும் சேர்ந்துகொண்டது. அரண்மனைச் சமையல்கட்டில் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

அங்கே ராஜாவின் மதியச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. ராஜாவின் தாத்தாவுக்கு யாரோ விஷம் வைத்த காலத்திலிருந்து அரண்மனையில் ஒரு வழக்கம். எல்லாப் பண்டத்தையும் முதலில் ஓர் ஆள் தின்று பார்ப்பான். அவன் கண் செருகாமல், வாந்தி எடுக்காமல் நன்றாக இருக்கிறானா என்று வெகுநேரம் காத்திருந்து பார்த்த பிறகுதான் சாப்பாடு உள்ளே போகும். அதையும் கண் பட்டுவிடுமென்று திரை போட்டு, ராஜா தனியாகத்தான் சாப்பிடுவார். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

ஈரத்துணி போட்டு மூடியிருந்த ராஜாவின் அப்பளத்தை உலகப்பன் விரலால் தொட்டுப் பார்த்தான். நமத்துத் துவண்டு கிடந்தது.

"என்ன அண்ணே, இதையா மகாராஜாவுக்கு அனுப்பப்போறீங்க?" என்று சமையல்காரர் முனியாண்டியைக் கேட்டான்.

"ஏன், அவருக்கு இதுதான் பழக்கம். நாலா மடிச்சு, சாம்பார்ல தோய்ச்சுச் சாப்பிடுவாரு. ஒருநாளும் குறை சொன்னதில்லையே."

உலகப்பன் எழுந்து அந்த மனிதரைக் கட்டிக்கொண்டான். அவர் பயந்துபோய்க் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

மறுநாள் சபையில் எள் விழ இடமில்லை. உலகப்பன் கும்பிட்டுவிட்டுச் சொன்னான்:

"மகாராஜா, அப்பளம் சத்தம் போடும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தினமும் அப்பளம் சாப்பிடுகிறவரிடமே இந்தக் கதையா என்று கேட்டார். அது வெற்றிலை மாதிரி மடியும், துணி மாதிரி கிழியும், சத்தத்துக்கு அங்கே என்ன வேலை என்றும் விளக்கினார். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாவுக்குச் சந்தேகம் தட்டியது. வாசல் காவலாளியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

அவன் கும்பிட்டுவிட்டு, "ஆமாங்க மகாராஜா. ஒடிச்சா நொறுக்குன்னு சத்தம் வருங்க. எங்க வீட்ல ஒருத்தர் தின்னா அடுத்த வீட்டுக்குக் கேக்கும்" என்றான்.

ராஜாவின் முகம் விழுந்துவிட்டது. அடுப்பும் சட்டியும் சபைக்கே வந்தன. முனியாண்டி எண்ணெயில் அப்பளத்தைப் போட்டார். அது பொரிந்து பூரித்து எழும்பியது. உலகப்பன் ஓர் ஓரத்தை ஒடித்துக் காட்டினான். நொறுக்.

ராஜா அந்தத் துண்டையே உற்றுப் பார்த்தார். பிறகு சின்னக் குரலில், "இத்தனை வருஷமாக நீங்கள் எல்லாரும் இதையா சாப்பிடுகிறீர்கள்?" என்றார். பாவமாக இருந்தது. கையை நீட்டினார்.

மந்திரி குறுக்கே பாய்ந்தார். சோதிக்காத பண்டத்தைத் தொடக்கூடாது, ஆள் தின்று, காத்திருந்து, அதன் பிறகுதான் என்று பிடிவாதம் பிடித்தார். காத்திருந்தால் அப்பளம் பழையபடி துணியாகிவிடும். ராஜா கடிக்கும்போது சத்தம் வராது, உலகப்பன் சொன்னது பொய் என்று கிளப்பிவிடலாம். அது மந்திரிக்கும் தெரியும்.

உலகப்பன் அப்பளத்தை இரண்டாக ஒடித்தான். ஒரு பாதியை ராஜாவிடமும் மறு பாதியை மந்திரியிடமும் நீட்டினான்.

"மந்திரி ஐயாவை விட மகாராஜாவின் உயிர்மேல் அக்கறை உள்ளவர் இங்கே யார்? இருவரும் ஒரே நேரத்தில் கடியுங்கள். இனி வேளாவேளைக்கு அவரே பக்கத்தில் உட்கார்ந்து சரிபாதி சாப்பிடட்டும். அப்புறம் எந்தச் சமையல்காரருக்கு விஷம் வைக்கத் துணிச்சல் வரும்? மந்திரி ஐயாவே அடுப்படியில் காவல் நிற்பாரே."

மாட்டேன் என்று மந்திரி எப்படிச் சொல்வார்? சொன்னால் வேறு அர்த்தமாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். ராஜாவும் கடித்தார். இரண்டு நொறுக்குச் சத்தமும் சபை முழுக்கக் கேட்டன.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நீயும் உன் குடும்பமும் எங்கேயும் போகவேண்டாம் என்றார். சிம்மாசனத்தைவிட்டு எழுந்து, உலகப்பனுக்கு நஞ்சை நிலம், முத்து மாலை, பல்லக்கு, பட்டம் என்று ஒவ்வொன்றாக அறிவிக்க ஆரம்பித்தார். அறிவிப்பு நீண்டுகொண்டே போனது. கையில் மிச்ச அப்பளம் அப்படியே இருந்தது.

உலகப்பன் கைகூப்பினான்.

"மகாராஜா, பரிசை நாளைக்குக் கொடுத்தாலும் நமத்துப்போகாது. முதலில் அப்பளத்தைக் கவனியுங்கள்."

ராஜா மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த அப்பளத் தூள் பறந்து மந்திரியின் மீசையில் போய் ஒட்டியது.